பச்சைப் பம்பும் நீலக் கயிறும்

அத்தியாயம் 11

சாப்பாட்டு மேஜையின் நடுவில் ஒரு அடிபம்பு நின்றது. வார்ப்பிரும்பு. கிளிப்பச்சைப் பெயின்ட். தண்ணீர் கொட்டுகிற வாயில் சிங்க முகம் வேறு. வெண்ணெய்க் கிண்ணத்தையும் ரொட்டியையும் ஓரம் தள்ளிவிட்டு, ஃபின்டன் பெர்ன் அதன் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றான். தன் பசு இரட்டைக் கன்று போட்ட அன்றுகூட அவன் இவ்வளவு பெருமையாக நின்றதில்லை.

"எப்படி?" என்றான்.

மஜெல்லா கையிலிருந்த டீக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "மேஜையில எதுக்கு வெச்ச? சாப்பாட்டோட பரிமாறணுமா?"

"ரோஸ்காமன் ரோட்டுல பழைய சாமான் யார்டு இருக்குல்ல, அங்க பிடிச்சேன். இருநூறு யூரோ சொன்னான். நூத்தி நாப்பதுக்கு முடிச்சுட்டேன். நீ பாத்து வெச்சிருக்கியே ஒரு பம்பு, அதுல கால்வாசி விலைகூட இல்ல."

"இதுல தண்ணி வருமா?"

"அடிபம்புல தண்ணி வராம, பின்ன பீரா வரும்?"

அடுத்த அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த ஆல்வா களுக்கென்று சிரித்தாள். அப்பா என்ன சொன்னாலும் அவளுக்குச் சிரிப்பு. ஏழு வயசு.

மூன்று வாரத்துக்கு முன்னால் அடித்த புயலை நீங்கள் மறந்திருந்தாலும் மஜெல்லாவால் மறக்க முடியவில்லை. ஐந்து நாள் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் போர்க்கிணற்றுக்குள் இறக்கியிருக்கும் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இரண்டாம் நாள் காலையில் ஃபின்டன் தோட்டத்தில் மண்ணுக்குள் இருக்கிற, வீட்டுக்கு வரும் பைப்பின் கேட் வால்வை இறுக்கி மூடிவிட்டு வந்தான். "பைப்பு உறைஞ்சு வெடிச்சிடும், அதான்" என்றான். இந்த அமளியிலும் என் புருஷனுக்குப் புத்தி வேலை செய்கிறதே என்று அவள் மெச்சிக்கொண்டாள். அப்புறம் அவன் ஓடையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தான். அவள் அடுப்பில் வைத்துக் கொதிக்கவைத்தாள்.

ஆல்வாவுக்குப் பிறந்ததிலிருந்தே விழுங்க வராது. வயிற்றில் பொருத்திய சின்னக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. ஒவ்வொரு வேளையும் அந்தக் குழாயையும் சிரிஞ்சையும் கழுவ வேண்டும். கழுவுகிற கையை அதற்கு முன்னால் கழுவ வேண்டும். வாளித் தண்ணீரில் எவ்வளவு கழுவ முடியும்? நாலாம் நாள் குழாயைச் சுற்றிச் சிவந்தது. ராத்திரி காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மரங்கள் விழுந்து கிடந்த ரோட்டில் ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை குழந்தை கண்ணைத் திறக்கவில்லை.

எப்படியோ பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் மஜெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சுத்தம் பண்றதுல எங்கயோ விட்டுப்போச்சும்மா. இன்னொரு தடவை இப்படி வந்தா இவ தாங்கமாட்டா."

அதிலிருந்து மஜெல்லா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்த வேளை? எந்த சிரிஞ்ச்? தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று எந்த இடத்தில் அவசரப்பட்டேன்? அழுதாள். ஃபின்டன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தான்.

கரண்ட் இல்லாமல் தண்ணீர் இறைக்க ஒரு அடிபம்பு வாங்காமல் தூங்கப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள். இரண்டு வாரமாகப் போன் மேல் போன். புயலுக்கு அப்புறம் மாவட்டத்தில் பாதிப் பேர் அதே பம்பைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் கூப்பிட்ட ஒவ்வொரு கடையிலும் ஒரே கேள்வி: "தண்ணி எத்தனை அடியில நிக்குது?"

"எங்க போர் இருநூத்தி இருபது அடிங்க."

"போரோட ஆழம் எதுக்கும்மா? தண்ணி எங்க நிக்குது? அதச் சொல்லுங்க."

அதைத்தான் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இப்போது சிங்க முகத்தைப் பார்த்தபடி மஜெல்லா சொன்னாள். "இது மேல நின்னு உறிஞ்சுற பம்பு, ஃபின்டன். இருபத்தஞ்சு அடிக்குக் கீழ தண்ணி போச்சுன்னா எந்த மகாராஜாவோட பம்பும் உறிஞ்சாது. அந்தக் கடைக்காரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க. அதுக்குக் கீழன்னா சிலிண்டரையே தண்ணிக்குள்ள எறக்கணும்."

"அந்தம்மா விலை கூடுனதத்தான் தலையில கட்டப் பாக்கும். நம்ம தண்ணி பதினஞ்சு அடியில நிக்குது. அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்காரு. பப்புல உக்காந்து பந்தயமே கட்டுவாரு."

"சரி, அளந்து பாத்துடலாம்."

ஃபின்டன் பம்பின் கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"அளக்க என்ன இருக்கு? நம்ம வீட்டுக்கு வர்ற பைப்ப நம்ம தோட்டத்துலயே வெட்டி இதை மாட்டிடுவேன். இங்கிருந்தே இழுக்கும். அங்க போகவே வேணாம்."

அங்கே. அதுதான் விஷயம். விலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

போர் இருப்பது ஃபின்டனின் அண்ணன் மலக்கியின் முற்றத்தில். அப்பா டாம் பெர்ன் உயிரோடு இருந்தபோது போட்டது. சின்ன மகனுக்கு வேலிக்கு இந்தப் பக்கம் வீடு கட்ட இடம் கொடுத்து, தண்ணீர் பாத்தியதையும் எழுதிக் கொடுத்தார். பூர்வீக வீடும் நிலமும் மூத்தவனுக்குப் போனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து எல்லாரும் ஓட்டலில் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, "கிழவன் மனசக் கலைச்சு எழுதி வாங்கிட்ட" என்று ஊர் முன்னால் சொன்னான் ஃபின்டன். "என் கிணத்துத் தண்ணியக் குடிச்சுட்டு என்னையே பேசறியா" என்று கேட்டான் மலக்கி. அதோடு பேச்சு அறுந்தது.

அறுந்தது என்றால் முழுக்க இல்லை. நடுவில் ஒரு நாய் இருந்தது. மலக்கியின் நாய், பெயர் ஷெப். தம்பிக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் அண்ணன் வேலியோரம் வந்து நாயிடம் சொல்வான்: "ஷெப், யாரோட கன்னுக்குட்டியோ நம்ம ஓட்ஸ்ல மேயுது." பத்து நிமிஷம் கழித்து இந்தப் பக்கம் இருந்து ஃபின்டன் சொல்வான்: "ஷெப், ஓட்டை வேலியச் சரி பண்ணச் சொல்லு உன் முதலாளிகிட்ட." சர்ச்சில்கூட ஆளுக்கு ஒரு மூலை. ஐம்பதைத் தாண்டிய ஒருத்தன், ஐம்பதை எட்டப்போகிற ஒருத்தன். இவர்களை நினைத்தால் நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது. வருஷக்கணக்காகப் பக்கத்தில் இருந்து பார்க்கிற மஜெல்லாவுக்கு எப்படி இருக்கும்?

ரேடியோ நடுவில் புகுந்தது. மாலை நாலு மணியிலிருந்து மேற்கு மாவட்டங்கள் முழுக்கப் புயலுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பாக மாறலாம். கரண்ட் போகும், தயாராக இருங்கள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பைப் ஜாயின்ட் வாங்கிட்டு வந்துடறேன்," என்றான் ஃபின்டன். "ரெண்டு மணி நேர வேலை. சாயங்காலத்துக்குள்ள மாட்டிடுவேன். நம்பு."

"ஆல்வாவையும் கூட்டிட்டுப் போ. ரொம்ப நாளா வீட்டுலயே அடைஞ்சு கெடக்கா."

கார் ரோட்டில் திரும்பும்வரை ஜன்னலில் நின்றாள். அப்புறம் கொட்டகைக்குப் போய், வைக்கோல் கட்டுகிற நீலக் கயிறு ஒரு கட்டு எடுத்துவந்தாள். குடிக்கிற தண்ணீருக்குள் போகிற கயிறு. கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தாள். ஐந்தடிக்கு ஒரு முடிச்சு. நுனியில் கழுவின இரும்பு நட்டு. கோட்டை மாட்டிக்கொண்டு வேலியில் இருந்த இடைவெளியைத் தாண்டினாள்.

மலக்கி முற்றத்தில் தகரங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆகாத மனுஷன். தலையில் எப்போதும் தொப்பி. அவளைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் கீழே குனிந்தான்.

"ஷெப், யாரு வந்திருக்கா பாரு."

"நாய்கிட்ட பேச நான் வரல மலக்கி. உங்ககிட்டதான் பேச வந்தேன்."

அவன் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டான். "சொல்லு மஜெல்லா. குழந்தை எப்படி இருக்கா?"

"இருக்கா. தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னு பாக்கணும். மூடியத் தொறந்து விடுங்க."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஸ்பேனர் எடுத்துவந்து போல்ட்டுகளைக் கழற்றினான். ஆறு அங்குல இரும்புக் குழாய்; உள்ளே மோட்டாரின் பைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கி இறங்கியது. மற்றொரு பைப்பு இறங்க இடம் தாராளமாக இருந்தது. மஜெல்லா முழங்கால் போட்டு உட்கார்ந்து கயிற்றை விட்டாள்.

பத்து. பதினைந்து. மாமனார் பந்தயம் கட்டிய இடம், சத்தமே இல்லை. இருபது. இருபத்தைந்தைத் தாண்டும்போது சிங்க முகம் அவள் கண்ணில் வந்து போனது. கயிறு இன்னும் இறங்கியது. முப்பத்தைந்துக்கு அப்புறம் மூன்றடி போனதும் எங்கோ அடியில் 'க்ளக்' என்று ஒரு சத்தம்.

"முப்பத்தெட்டு," என்றாள்.

"பதினஞ்சுன்னு நெனச்சியா? அப்பா சொன்னது பழைய கிணறு. மாட்டுக்கொட்டகை கட்டறப்பவே கல்லப் போட்டு மூடியாச்சு. கடைசிவரைக்கும் அந்தக் கிணத்தோட பெருமையவே பேசிட்டுப் போயிட்டாரு."

மஜெல்லா அங்கேயே உட்கார்ந்து கடைக்குப் போன் செய்தாள். கடைக்காரம்மாவுக்கு இந்நேரம் அவள் குரல் மனப்பாடம்.

"முப்பத்தெட்டு அடி. ஆறு அங்குலக் குழாய்."

"அப்பாடா, ஒரு வழியா அளந்துட்டீங்களா! அப்ப உறிஞ்சுற பம்பெல்லாம் மறந்துடுங்க. கயிறு கட்டி எறக்குற நீளக் குவளை ஒண்ணு இருக்கு, அதான் இருக்கறதுலயே விலை கம்மி. ஆனா ஒவ்வொரு தடவையும் மூடியத் தொறக்கணும், தூசி தும்பு விழும். உங்க குழந்தைக்கு அது வேணாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ஒண்ணு இருக்கு, அதுக்கு நீங்க மாட்டை விக்கணும். பிளாஸ்டிக் பைப்பு, அடியில சிலிண்டர், மேல கைப்பிடி, நடுத்தர விலை. அத எடுங்க. மோட்டார் பக்கத்துலயே எறக்கிடலாம்."

"இன்னைக்குக் கிடைக்குமா?"

"இன்னைக்கா? திங்கக்கிழமைதான் லாரி."

அனுப்பச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். திங்கட்கிழமை! புயல் இன்றைக்குச் சாயங்காலம்.

மலக்கி மூடியை வைத்துக்கொண்டே சொன்னான். "கவலப்படாத. மட்டம் நல்லாத்தான் இருக்கு. போன புயல்ல தினம் ரெண்டு வேளை ஓட்டியும் தண்ணி குறையவே இல்லையே."

"எதை ஓட்டினீங்க?"

"மோட்டாரைத்தான். ஒரு ஜெனரேட்டர் கடன் வாங்கிட்டு வந்தேன்ல. ரெண்டாம் நாளுலேருந்து." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "என்ன?"

காலையிலும் சாயங்காலமும் ஒரு உறுமல் கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. ரோட்டுக்குக் கீழே பால்பண்ணையில் ஜெனரேட்டர் போட்டுக் கறக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கொடுத்துவைத்தவர்கள் என்றுகூட நினைத்தாள்.

"அப்ப எங்க வீட்டுக்கும் தண்ணி..."

"ஒரே பைப்புதானே மஜெல்லா. உங்களுக்காகத்தான் ஓட்டினேன். எனக்கு ஒருத்தனுக்கு எவ்வளவு தண்ணி வேணும்? டீக்கு ஒரு கெட்டில். குழந்தை இருக்காளேன்னுதான்."

"ஃபின்டனுக்குத் தெரியுமா?"

மலக்கி நாயைப் பார்த்தான்.

"மலக்கி, தெரியுமா அவனுக்கு?"

"சொன்னேன். வேலியோரம் நின்னு ஷெப்கிட்ட சொன்னேன். சத்தமாவே சொன்னேன். 'ஷெப், கிணத்து மோட்டார் ஓடுது, எல்லாக் குழாய்லயும் தண்ணி வரும்'னு. அவன் அந்தப் பக்கம் விறகு அள்ளிட்டிருந்தான். அப்படியே நிமிந்து பாத்தான்."

பைப்பு உறைந்து வெடித்துவிடும் என்றானே! அந்த வாரம் எங்கே உறைந்தது? காற்றும் மழையும்தான். வாசல் குட்டையில் ஒரு நாள்கூட ஐஸ் பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் காலை விறகு அள்ளப் போனவன் நேரே போய் வால்வை மூடியிருக்கிறான். தண்ணீர் வேலிவரை வந்து நின்றிருக்கிறது. அவள் இந்தப் பக்கம் ஓடைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக அளந்து குழந்தையின் குழாயைக் கழுவியிருக்கிறாள்.

போர் மூடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி வேணாம்போலன்னு நெனச்சேன்," என்றான் மலக்கி மெதுவாக. "அவன் ஓடையிலேருந்து வாளி தூக்கிட்டு வர்றதப் பாத்தேன். சரி, அவ்வளவு வீராப்புன்னா தூக்கட்டும்னு..."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு வந்து என் கதவத் தட்டணும்னு தோணல. நாய்கிட்ட சொல்லிட்டா கடமை முடிஞ்சுது, இல்ல? உங்க தம்பிக்குக் கொஞ்சமும் குறைஞ்சவர் இல்ல நீங்க. என் குழந்தை செத்திருந்தா ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பெட்டியத் தூக்கியிருப்பீங்க, நடுவுல நாய விட்டு."

அவன் காது சிவந்துபோயிற்று. "என் தப்பும்தான்" என்றான்.

அவள் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"அந்த ஜெனரேட்டரை விலைக்கே வாங்கிட்டேன். கொட்டகையில இருக்கு. கரண்ட் போனா ஓட்டுவேன். டீசல் இருக்கறவரைக்கும் தண்ணிக்குக் கவலை இல்ல. பங்க்லயும் கரண்ட் போச்சுன்னா அப்புறம் உன் அடிபம்புதான் கதி. அத இங்கயே நிறுத்து, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா..." தொப்பியை மறுபடி கழற்றினான். "அவன் வரணும். வந்து வாயத் தொறந்து என்கிட்ட கேக்கணும்."

"எனக்கு உங்க முற்றம் வேணும், மலக்கி. இன்னைக்கு ராத்திரிக்கு ஒரு ரூமும் வேணும்."

"அப்பா ரூம்ல அடுப்பு மூட்டி வைக்கிறேன்," என்றான் உடனே.

ஃபின்டன் விசிலடித்துக்கொண்டே வந்தான். ஒரு பை நிறைய பித்தளை ஜாயின்ட். ஆல்வா காரில் தூங்கிப்போயிருந்தாள். தூக்கிவந்து சோபாவில் படுக்கவைத்தான். சமையலறைக்குள் வந்தவன் மேஜையைப் பார்த்து விசிலை நிறுத்தினான். பச்சைப் பம்பின் கழுத்தில் நீலக் கயிறு மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் நட்டு இன்னும் ஈரமாக இருந்தது.

"முப்பத்தெட்டு," என்றாள் மஜெல்லா.

"அங்க போனியா?"

"போனேன்."

"என்னக் கேக்காம?"

"உன்ன ரெண்டு வாரமா கேட்டேன். உங்க அப்பா பந்தயம் கட்டினது மூடிப்போன கிணத்த வெச்சு. உன் சிங்கத்தால அஞ்சு சொட்டுகூட உறிஞ்ச முடியாது. தோட்டத்துல நட்டு வை, பூனை உக்காரட்டும்."

"சரி, தப்பு நடந்துபோச்சு. திருப்பிக் கொடுத்துடறேன். இதுக்குப் போயி..."

"வால்வை ஏன் மூடின?"

அவன் ஜாயின்ட் பையை மேஜையில் வைத்தான். "எந்த வால்வு?"

"ஃபின்டன்."

"சொன்னேனே, பைப்பு உறைஞ்சு..."

"அந்த வாரம் ஐஸே இல்ல."

வெளியே காற்று எழுந்து புகைபோக்கியில் ஊதத் தொடங்கியிருந்தது. ஃபின்டன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அந்தப் பெரிய உடம்பு எப்படி அந்த நாற்காலியில் அவ்வளவு சின்னதாகிவிட்டது என்று தெரியவில்லை.

"கரண்ட்ல வர்ற தண்ணி அப்பா எழுதிக் கொடுத்தது," என்றான். "அது என் பாத்தியதை. ஜெனரேட்டர்ல வர்றது அவன் போடுற பிச்சை. அன்னைக்கு ஊர் முன்னாடி சொன்னான்ல, என் தண்ணியக் குடிச்சுட்டு என்னையே பேசறியான்னு. அவன் கையால ஒரு வாய் வாங்கக் கூடாதுன்னு... ஒரு நாள்ல கரண்ட் வந்துடும்னு நெனச்சேன் மஜெல்லா. சத்தியமா. ஒரு நாள்தானேன்னு நெனச்சேன்."

"அஞ்சு நாள்."

"அப்புறம் தொறக்கறதுக்கு... எப்படித் தொறக்கறது? தொறந்தா நீ கேப்பியே, எங்கிருந்து தண்ணி வந்துச்சுன்னு."

மஜெல்லா சிரித்தாள். கேட்கவே நன்றாக இல்லாத சிரிப்பு.

"மூணு வாரமா நான் என் கையப் பாத்துப் பாத்து அழுதுட்டிருந்தேன். எந்த சிரிஞ்ச்ச சரியாக் கழுவல, எந்த வேளை தப்பு பண்ணேன்னு. என் பொண்ண நானே கொல்லப் பாத்தேன்னு. நீ பக்கத்துல உக்காந்திருந்த ஃபின்டன். என் முதுகத் தடவிக் கொடுத்த. 'பரவால்ல, யாருக்கும் நடக்கறதுதான்'னு சொன்ன."

அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். "சொல்ல முடியல. தினம் சொல்லணும்னு நெனப்பேன். வாய் வரல."

"நாய்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

அவள் உள்ளே போய் இரண்டு பைகளை நிரப்பினாள். குழாய்கள், சிரிஞ்சுகள், பால் பாக்கெட்டுகள், ஆல்வாவின் உடுப்பு, அவள் கட்டிக்கொண்டு தூங்குகிற துணி முயல். ஃபின்டன் வாசற்படியில் வந்து நின்றான்.

"எங்க போற? இப்ப வால்வு தொறந்துதானே இருக்கு. அவன் ஓட்டினா இங்கயும் வருமே."

"வரும். ஆனா இந்த வீட்டுல வால்வு உன் கையில இருக்கு. அங்க இல்ல."

அவன் வழியை விட்டு விலகினான்.

ரேடியோவில் எச்சரிக்கை சிவப்பாகிவிட்டிருந்தது. நாலரை மணிக்கே இருட்டு கட்டிவிட்டது. மழை சாய்ந்து அடித்தது. இரண்டு பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு குழந்தையையும் எடுக்க அவளால் முடியாது; அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஃபின்டன் தன் மழைக்கோட்டுக்குள் ஆல்வாவைப் பொதிந்து தூக்கிக்கொண்டான். பசுவின் பின்னால் வருகிற கன்றுக்குட்டி போல அவள் பின்னாலேயே வந்தான்.

வேலி இடைவெளிவரை வந்தார்கள். மஜெல்லா தாண்டினாள். பின்னால் காலடிச் சத்தம் நின்றது.

அந்தப் பக்கம் மலக்கி கையில் டார்ச்சோடு நின்றிருந்தான். மழை தொப்பியின் விளிம்பில் வழிந்தது. காலடியில் ஷெப் நனைந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் பத்தடி தூரத்தில் நின்றார்கள். இரண்டு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

ஃபின்டன் தலையைக் குனிந்தான். அவன் கண் நாயின் மேல் போனது.

"அதப் பாத்துப் பேசினா," என்றாள் மஜெல்லா, திரும்பாமலே, "நாளைக்கு மட்டுமில்ல, என்னைக்குமே நான் இந்த வேலியத் தாண்டித் திரும்பி வரமாட்டேன்."

"அப்பா," கோட்டுக்குள்ளிருந்து தூக்கக் கலக்கத்தில் ஆல்வாவின் குரல். "ஏன் நின்னுட்ட? எனக்குக் குளுருது."

அப்போதுதான் கரண்ட் போனது. மலக்கியின் சமையலறை ஜன்னல், பின்னால் அவர்கள் வீட்டு ஜன்னல், ரோட்டுக்குக் கீழே பால்பண்ணை, அதற்கும் அப்பால் ஊர் என்று எல்லாம் ஒன்றாக அணைந்தன. டார்ச் வெளிச்சத்தில் மழை மட்டும் தெரிந்தது.

"மலக்கி," என்றான் ஃபின்டன்.

கோட்டுக்குள் குழந்தையை இறுக்கிக்கொண்டான்.

"மலக்கி, குழந்தைக்குத் தண்ணி வேணும்."

மலக்கி பைகளை வாங்க நீட்டிய கையை மடக்க மறந்து நின்றான். அப்புறம் முன்னால் வந்து, தம்பியின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டான்.

மஜெல்லாவுக்கு எல்லாம் கேட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால், விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டிய நாலு வார்த்தை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மலக்கியின் இருண்ட சமையலறைக்குள் போய், பைகளை இறக்கிவைத்து, குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஆல்வாவை அப்பாவின் அறையில் படுக்கவைத்துவிட்டு மலக்கி கொட்டகைக்கு ஓடினான்; ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. ஃபின்டன் இன்னும் வேலியோரம்தான் நின்றான். உள்ளே வா என்று அவனை யாரும் கூப்பிடவில்லை.